மணப்பட்டிலிருந்து பாரிஸுக்கு… மணியும் வரலாமா?

பிரான்ஸில் மகனோ மகளோ இருக்கும் வீடுகள் புதுச்சேரிப் பக்கம் புதிதல்ல. குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று முடிவானதும் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று ஓடுவோம். வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் மணியின் நினைவு கடைசி மாதத்தில்தான் வரும். அப்போது விசாரித்தால் பதில் ஒன்றுதான்: ‘நேரம் போதாது!’

நாய்க்கோ பூனைக்கோ குறைந்தது 4 மாதம் வேண்டும். என்னைக் கேட்டால் 6 மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள் என்பேன்.

காரணம் வெறிநோய். இந்தியாவிலிருந்து போகும் நாயின் ரத்தத்தைப் பரிசோதிக்காமல் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது. 1885-ல் வெறிநாய்க்கடிக்கு லூயி பாஸ்டர் முதல் தடுப்பூசி போட்டதே பாரிஸில்தானே!

முதல் வேலை, மைக்ரோசிப். அரிசி மணி அளவில் 15 இலக்க எண்ணோடு தோலுக்கு அடியில் வைப்பார்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சிப் வைத்த பிறகோ, அதே நாளிலோ போட்ட வெறிநோய்த் தடுப்பூசிதான் கணக்கில் வரும். ‘போன மாசம்தானே ஊசி போட்டோம்’ என்று அட்டையைக் காட்டினாலும், சிப் அதற்குப் பிறகு வைத்ததென்றால் மறுபடி ஊசி போட வேண்டியதுதான். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ இந்த வரிசையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு சக்தி ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தால் தேர்ச்சி. உடனே கிளம்பிவிட முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். அடுத்த ஊசியைத் தவணைக்குள் போட்டுவந்தால் இந்தப் பரிசோதனை மறுபடி தேவையில்லை. தவணை ஒரு நாள் தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பம்தான்!

கடைசிக் கட்டம் சென்னை, பள்ளிக்கரணை. மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் அங்கே இருக்கிறது. ஐரோப்பாவுக்கான சான்றிதழில் அரசு மருத்துவர் கையெழுத்திட்ட 10 நாளுக்குள் மணி அங்கே இறங்கியாக வேண்டும். ‘நாங்கள் முதலில் போகிறோம், மாமா அடுத்த மாதம் அனுப்பிவைப்பார்’ என்ற ஏற்பாடும் சரிவராது. உங்கள் பயணத்துக்கு முன்போ பின்போ 5 நாளுக்குள் மணி பயணம் செய்யவில்லை என்றால், வியாபாரத்துக்குக் கொண்டுவரும் விலங்காகக் கணக்கிட்டு வேறு விதிகளைப் போடுவார்கள்.

மடியில் வைத்துக்கொள்ளலாமா? ஏர் பிரான்ஸ், லுப்தான்சா இரண்டிலும் பையோடு சேர்த்து 8 கிலோ வரைதான் பயணிகளோடு. பூனைக்குச் சரி. நம் ஊர் நாட்டு நாய் சாதாரணமாகவே 15 கிலோ இருக்கும், கூண்டில் வைத்துச் சரக்குப் பகுதியில்தான் போகும். பயப்பட வேண்டாம், விலங்குகளை ஏற்றும் அறையிலும் காற்றழுத்தம் சீராகவே இருக்கும். ஆனால் ‘ஹட்ச் நாய்’ என்று நாம் செல்லமாகச் சொல்லும் பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வெப்பத்தில் மூச்சுத் திணறும். அவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன.

மணப்பட்டு நாய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிறந்ததிலிருந்து கடற்கரை மணலிலும் சவுக்குத் தோப்பிலும் இஷ்டத்துக்குத் திரிந்த பிள்ளை அது. கழுத்தில் பட்டையே பழகியிருக்காது, கூண்டுக்குள் எப்படிப் போகும்? அதனால் கூண்டை முன்கூட்டியே வாங்கித் திண்ணையில் கதவைத் திறந்தே வையுங்கள். உள்ளே பழைய போர்வையைப் போட்டு, சாப்பாட்டை அங்கேயே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கிறவரை கதவைச் சாத்தக் கூடாது. நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருக்கிற கூண்டுதான் சரியான அளவு. பிறகு கூண்டோடு காரில் ஏற்றிக் கடலூர் வரை நாலைந்து முறை போய் வாருங்கள். சென்னை விமான நிலையத்துக்கே நாலு மணி நேரம் ஆகும் இல்லையா?

‘தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் நிம்மதி’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தில் அது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் குலைத்துவிடும். பல நிறுவனங்கள் மயக்கத்தில் உள்ள விலங்கை ஏற்றுவதும் இல்லை. கிளம்பும் முன் அரை வயிறு சாப்பாடு, தண்ணீர், ஒரு நீண்ட நடை போதும். மே மாத வெயிலைத் தவிர்த்துவிடுங்கள்.

12 வயது தாண்டிய, இதயக் கோளாறுள்ள நாயா? அழைத்துப் போகாமல், அதற்குப் பழகிய பாட்டியிடமே விட்டுப் போவதுதான் பாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலாவது மாடி அறையில் அது யாரைப் பார்த்துக் குரைக்கும்?

அழைத்துப் போகிறவர்கள் பாரிஸில் இறங்கியதும் பச்சை வழியில் நழுவாமல், சுங்க அதிகாரியிடம் காகிதங்களைக் காட்டுங்கள். சிப்பைப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள்.