ஹம்பக் ஓடையின் பாதரசம்
கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சரிவில், பொன் தேடிவந்து ஏமாந்தவர்கள் 'ஹம்பக்', அதாவது புரட்டு, என்று பெயரிட்டுச் சென்ற சிற்றோடை ஒன்று உண்டு. அதன் அடியிலுள்ள விஷம் கண்ணுக்குப் புலப்படாமையால் அப்பெயர் இன்று வேறுவிதமாகவும் பொருந்துகிறது. பின்னர் வந்த சுரங்கக்காரர்கள் ஓடையை ஒட்டிய மாலகாஃப் குன்றுகளைப் பீரங்கி போன்ற நீர்க்குழாய்களால் கரைத்து, சேற்றை மரக்கால்வாய்களில் ஓடவிட்டு, பொன்துகள்களைப் பற்றும்பொருட்டு அவற்றில் பாதரசம் ஊற்றினார்கள். பொன்னோடு கூடியது போக எஞ்சியது சரளையோடு ஓடையில் கலந்தது. 1884-ஆம் ஆண்டில் நீதிபதி சாயர் அளித்த தீர்ப்பு, கழிவை ஆற்றில் தள்ளுவதைத் தடுத்ததேயன்றி, தள்ளியதை மீட்கவில்லை. வண்டலில் வாழும் நுண்கிருமிகள் அந்த உலோகத்தை மெதில் பாதரசமாக மாற்ற, அது புழுவிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் பெருகிச் சென்று, உண்ணும் மனிதனின் நரம்புகளைத் தாக்கக்கூடும்; கருவிலுள்ள சிசுவுக்கே அபாயம் அதிகம். மழைக்காலந்தோறும் அந்தப் பழைய சேறு ஓடை வழியே தெற்கு யூபா நதியில் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது.