குற்றாலக் குறவஞ்சி: கோயில் ஆட்டம் சபா மேடைக்கு வந்தது எப்படி?

கதையைப் பாட்டாலேயே நடத்துவது, குள்ளஞ்சாவடி, நெய்வேலி பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவர்களுக்குப் புதுசு இல்லை. இன்னிக்கு 'மியூசிக்கல்' என்கிறோமே, அது நம்ம ஊரில் எப்பவோ இருந்தது. குற்றாலக் குறவஞ்சி அப்படி ஒண்ணு.

18-ம் நூற்றாண்டில் இதை எழுதியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். மதுரை நாயக்க மன்னர் பரிசாகக் கொடுத்த நிலத்துக்குப் பேரே 'குறவஞ்சி மேடு'.

கதை சிம்பிள். பந்தாடும் வசந்தவல்லி, பவனி வரும் குற்றாலநாதரிடம் மனசைப் பறிகொடுக்கிறாள். மலைக்குறத்தி சிங்கி கை பார்த்து, நல்ல சேதி சொல்லி, நகைகளை அள்ளுகிறாள். தேடி வந்த கணவன் சிங்கன், 'இது ஏது, அது ஏது' என்று ஒவ்வொரு நகையாகச் சந்தேகப்படும் இடம் செம!

1944-ல் இதைக் கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார் ருக்மிணி தேவி அருண்டேல். இசை, வீணை கிருஷ்ணமாச்சாரியார்.

பாட்டு புத்தகத்தில் இருந்தது. ஆட்டம்? அது கோயில்களில் குறவஞ்சி ஆடிவந்த தேவதாசிப் பெண்களிடம் இருந்தது. அந்த மரபில் வந்த காரைக்கால் சாரதாம்பாளின் உதவியோடுதான் நாடகம் உருவானது.

மூணே வருஷத்தில், 1947-ல், சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. நோக்கம் அந்தப் பெண்களின் விடுதலை. ஆனால், பொட்டுக்கட்டுவதோடு சேர்த்துக் கோயிலில் ஆடுவதற்கும் தடை விழுந்தது. குறவஞ்சி சபாக்களில் தொடர்ந்தது. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த மேடை கிடைக்கவில்லை.