கறையான் உழும் நிலம்

கறையானைக் கண்டால் நாம் மருந்து தேடுவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோவில் எரு வைத்து அழைக்கிறார்கள்! அந்நாட்டின் வடக்கே யாதெங்கா பகுதியில் மேல்மண் ஓடு போல இறுகிவிடும். பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். அதற்கு உழவர்கள் கண்ட வழிதான் 'ஸாய்' குழிகள். வெயில் கொளுத்தும்போதே, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் குழி வெட்டி, எருவும் சருகும் போட்டு வைக்கிறார்கள். அதைத் தின்ன வரும் கறையான், மண்ணைத் துளைத்துப் போடுகிறது. முதல் மழை அந்தத் துளைகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது. சோளம், கம்பு விதைப்பதும் குழிக்குள்ளேயே.

முறை என்னவோ பழையதுதான். 1980களின் வறட்சியில் குழியை அகலமாக்கி, எருவிட்டு மேம்படுத்தியவர் யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி. ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். பயிரோடு மரங்களையும் அவர் வளர்க்க, தரிசு காடாயிற்று. 2018இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவரைத் தேடி வந்தது. உழைப்பு மட்டும் லேசானதல்ல: ஒரு ஹெக்டேருக்கு 10,000 குழிகளுக்கு மேல், அத்தனையும் மண்வெட்டியால்!