கோதுமைக் கப்பலும் கொற்றவர் கோபமும்

பகைவனுக்குச் சோறிடலாமா?

வீட்டிலே எழுந்தால் பாட்டி தீர்த்து வைக்கக்கூடிய கேள்வி இது. வல்லரசுகளுக்குள்ளே எழுந்தாலோ, மாளிகையிலே இருப்போர் தீர்ப்பளிக்கிறார்கள்; தண்டத்தை மட்டும் வயலிலே உழுபவன் கட்டுகிறான், துறைமுகத்திலே உழைப்பவன் கட்டுகிறான், கடையிலே ரொட்டி வாங்குபவன் கட்டுகிறான்!

தோழர்களே! 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கா சீனச் சரக்குமீது நூற்றுக்கு 145 வரி என்றது. சீனா சளைத்ததா? நூற்றுக்கு 125 என்றது. மே திங்களில் ஜெனீவாவிலே கூடிப் பேசி, 30 என்றும் 10 என்றும் இறங்கி வந்தனர். ஏறியதும் இறங்கியதும் சில கிழமைகளுக்குள்ளே! அதற்கிடையே சீனா அமெரிக்கச் சோயாவை வாங்காமல் விலகி நின்றது. அறுவடைக் காலத்திலே அமெரிக்க உழவன் ஆளில்லாத சந்தையைப் பார்த்து நின்றான். அக்டோபர் 30-ஆம் நாள் தென்கொரியாவின் பூசான் நகரிலே இரு தலைவர்களும் சந்தித்தனர். அதன்பின், ஆண்டுக்கு 2 கோடியே 50 இலட்சம் டன் வீதம் மூன்றாண்டுக்குச் சீனா வாங்கும் என்று அமெரிக்கா அறிவித்தது.

புதிய நாடகமா இது? இல்லை, தோழர்களே! அரை நூற்றாண்டுக்கு முன்பே அரங்கேறியது. அன்று சீனாவின் இடத்திலே சோவியத் நாடு. சோயாவின் இடத்திலே கோதுமை.

1972. சோவியத் நாட்டிலே விளைச்சல் பொய்த்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், தானியம் வாங்க 75 கோடி டாலர் கடன் தருவதாக ஜூலையிலே அறிவித்தார். மாஸ்கோவின் ஆட்கள் வந்தார்கள், ஆரவாரமில்லாமல் வந்தார்கள். தானியக் கம்பெனிகளைத் தனித்தனியே கண்டார்கள். ஒரு கம்பெனி விற்றது இன்னொரு கம்பெனிக்குத் தெரியாது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழக் காற்பங்கு கைமாறிவிட்டது! அதுவும் எப்படி? அமெரிக்க அரசு ஏற்றுமதி மானியம் கொடுத்து, மலிவான விலையிலே! அடுத்த ஆண்டு கோதுமை விலை இரண்டு மடங்குக்கும் மேலே தாவிற்று. 'மாபெரும் தானியக் கொள்ளை' என்று அமெரிக்க மக்கள் பெயரிட்டார்கள். விற்றவனுக்கு இலாபம், வாங்கியவனுக்கு இலாபம். ரொட்டி தின்றவனுக்கு நட்டம்!

1975-லே மீண்டும் அங்கே விளைச்சல் பொய்த்தது. மீண்டும் வாங்க வந்தார்கள். இம்முறை குறுக்கே நின்றவர் யார்? மந்திரியா? தளபதியா? இல்லை. கப்பலிலே தானியம் ஏற்றும் துறைமுகத் தொழிலாளி! "ரஷ்யாவுக்குப் போகும் தானியத்தை ஏற்றமாட்டோம்" என்று ஆகஸ்டிலே அவர்கள் சங்கம் மறுத்தது. தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனி துணை நின்றார். அவர்களுக்குத் தன்னலமே இல்லையா? இருந்தது. அமெரிக்கக் கப்பலுக்கு நல்ல வாடகை வேண்டும் என்ற கோரிக்கையும் அதிலே கலந்திருந்தது. மீனியோ பொதுவுடைமை ஆட்சியைக் கடுமையாக வெறுத்தவர். ஆனாலும், "ரொட்டி விலை ஏறினால் எங்கள் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?" என்ற கேள்வி இருக்கிறதே, அதை மாளிகை கேட்கவில்லை, துறைமுகம் கேட்டது.

கேட்டதற்குப் பலன் உண்டாயிற்று. குடியரசுத் தலைவர் போர்டு, மீனியை அழைத்துப் பேசினார். புதிய விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபர் 20-ஆம் நாள் இரு நாடுகளும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தன. சோவியத் நாடு ஆண்டுதோறும் குறைந்தது 60 இலட்சம் டன் கோதுமையும் மக்காச்சோளமும் வாங்கியாக வேண்டும். 80 இலட்சம் டன் வரையில் தானே வாங்கலாம். அதற்குமேல் வேண்டுமானால், கலந்து பேசிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கீழே ஒரு தரை, மேலே ஒரு கூரை, இடையே ஒரு கதவு. உழவனுக்குச் சந்தை உறுதி. உண்பவனுக்கு விலைத் தாவலிலிருந்து காப்பு.

இந்தத் தாளுக்கு ஒரு தேர்வு வந்தது. 1979 டிசம்பரிலே சோவியத் படை ஆப்கானிஸ்தானத்திலே புகுந்தது. உலகம் கொதித்தது. 1980 ஜனவரி 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டர், 1 கோடியே 70 இலட்சம் டன் தானியத்தை நிறுத்தினார். ஆனால் 80 இலட்சம் டன்னை நிறுத்தவில்லை! ஏன்? ஒப்பந்தத்திலே எழுதிய அளவு அது. கோபம் கொதித்த நேரத்திலும் கையெழுத்து நின்றது!

நிறுத்திய தானியத்தால் மாஸ்கோ பணிந்ததா? அர்ஜென்டினா விற்றது. அங்கே அப்போது நடந்தது பொதுவுடைமை என்றாலே பல்லைக் கடிக்கும் இராணுவ ஆட்சி! கொள்கை கசந்தது, காசு இனித்தது, கப்பல் போயிற்று. 1981 ஏப்ரலிலே ரீகன் தடையை நீக்கினார். சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தை விட்டு முழுவதும் வெளியேறியதோ 1989 பிப்ரவரியிலே! இடையிலே சந்தையைப் பிறனுக்குத் தாரை வார்த்தவன் அமெரிக்க உழவன்.

பட்டுத் தெளிந்தார்கள். 1983 ஆகஸ்டிலே புதிய ஒப்பந்தம்: தரை 90 இலட்சம் டன், கூரை 1 கோடியே 20 இலட்சம். ஒப்பமிட்ட மை உலர்வதற்குள், செப்டம்பர் 1-ஆம் நாள், கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 உயிர்கள்! ரீகன் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் தானிய ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை.

"கொலைக்குக் கண்டனம், கோதுமைக்கு அனுமதியா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. கப்பலை நிறுத்தியிருந்தால் செத்தவர் பிழைத்திருப்பாரா? சுட்டவன் பட்டினி கிடந்திருப்பானா? இல்லை. உத்தரவிட்டவன் தட்டு ஒருநாளும் காலியாவதில்லை. வரிசையிலே நிற்பவன் தட்டுத்தான் காலியாகும். கண்டிக்க நாவு இருக்கிறது, ஏடு இருக்கிறது, உலக மன்றம் இருக்கிறது. ரொட்டியைக் கசையாக்க வேண்டியதில்லை.

பகைவரும் வாணிபம் செய்யலாம், தோழர்களே! ஆனால் வேண்டுவன மூன்று. இவ்வளவுக்குக் குறையாது, இவ்வளவுக்கு மிகாது என்று அளவு எழுதப்பட வேண்டும். அளவைத் தாண்டுமுன் கலந்து பேசக் கதவு திறந்திருக்க வேண்டும். உழுபவனுக்கும், ஏற்றுபவனுக்கும், உண்பவனுக்கும் பேச்சு மேசையிலே நாற்காலி போடப்பட வேண்டும். முதல் இரண்டும் 1975-லே தாளிலே ஏறின. மூன்றாவதை யாரும் தானாகக் கொடுக்கவில்லை; துறைமுகத்துக் கைகள் வேலையை நிறுத்திய பிறகே மாளிகைக் கதவு திறந்தது.

வல்லரசுகள் வரியைக் கூட்டும் நாளிலே, "எவன் வென்றான்?" என்று கேட்டு நிற்காதீர்கள். "எவன் கட்டுகிறான்?" என்று கேளுங்கள்!