கேஷ் என்றால் காசுதானா?

ஜவுளிக் கடையில் சேலை எடுத்தாயிற்று, பில்லும் போட்டாயிற்று. "கேஷில் பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்" என்கிறார் சிப்பந்தி. அவர் கை காட்டும் இடத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் காசாளர். "கார்டா, கேஷா?" என்று அவர் கேட்கிறார். ஒரே நிமிஷத்துக்குள் 'கேஷ்' என்ற சொல் இரண்டு பொருளில் வந்துவிட்டது. சிப்பந்தி சொன்னது பணம் வாங்கும் இடத்தை. காசாளர் கேட்டது ரொக்கத்தை.

இந்தச் சொல்லைப் பற்றி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. "ஆங்கிலேயனுக்குக் கேஷ் என்ற சொல்லைக் கொடுத்ததே தமிழன்தான். நம்முடைய காசுதான் அவன் வாயில் கேஷ் ஆயிற்று" என்பார்கள். கைதட்டலும் பலமாகக் கிடைக்கும். கட்டுமரமும் சுருட்டும் கறியும் ஆங்கிலத்தில் போய்க் குடியேறியிருக்கும்போது காசு மட்டும் ஏன் போயிருக்கக் கூடாது என்று தோன்றுவது இயல்பே. போயிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேடையில் சொல்லும் வழியாகப் போகவில்லை. லண்டன் கடைக்காரர் கேட்கும் கேஷ் நம்முடையதல்ல. நம்முடைய கேஷ் வேறு.

பெரிய ஆங்கில அகராதிகளில் 'கேஷ்' இரண்டு தனிச் சொற்களாகப் பதிவாகியிருக்கிறது. எழுத்து ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் பிறந்த ஊர் வேறு, குலம் வேறு.

பெட்டியில் பிறந்தது

முதலாவது கேஷின் பூர்வீகம் ரோமாபுரி. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆயிற்று. பிரான்ஸில் 'கேஸ்' ஆயிற்று. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில வியாபாரிகள் அதைக் 'கேஷ்' என்று எழுதத் தொடங்கினார்கள். அப்போது அதற்குப் பணம் வைக்கும் பெட்டி என்பதே பொருள். பிறகு பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நாளடைவில் பெட்டியை எல்லாரும் மறந்துபோனார்கள்.

இது ஏதோ விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கடைத்தெருவில் இது தினமும் நடக்கிறது. 'கல்லா' என்பது கடைக்காரர் பணம் போடும் பெட்டி. "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்? கேஷ் என்ற சொல்லுக்கு நடந்ததும் இதுவே.

இந்தச் சொல் புதிதாக இருந்த காலத்திலேயே ஷேக்ஸ்பியர் அதைக் கையாண்டிருக்கிறார். 1599-ல் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஒரு பாத்திரம் கடனைக் கேஷாகத் தருவதாகச் சொல்கிறது. அங்கேயே அது பெட்டியல்ல, ரொக்கம்தான்.

காப்ஸாவின் பிள்ளைகள் பலர். சூட்கேஸில் வரும் 'கேஸ்' அதன் வம்சம். டாக்டர் எழுதித் தரும் 'காப்ஸ்யூல்' மாத்திரைக்குச் 'சின்னப் பெட்டி' என்பது நேர்ப் பொருள். ஆனால் கோர்ட்டில் நடக்கும் கேஸுக்கும் சூட்கேஸுக்கும் உறவே கிடையாது. கோர்ட் கேஸ், 'விழுதல்', 'நேர்தல்' என்ற பொருள் கொண்ட வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வழக்கில் விழுந்தவர்களுக்கு இந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றும்!

'கேஷியர்' என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாங்கில் உட்கார்ந்திருக்கும் கேஷியர் பெட்டிச் சொல்லின் வழி வந்தவர். ஆனால் பட்டாளத்தில் ஓர் அதிகாரியைக் 'கேஷியர்' செய்தார்கள் என்றால், அவருக்குப் பணப் பொறுப்பு கொடுத்தார்கள் என்று அர்த்தமல்ல. அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று அர்த்தம். இது 'முறித்தல்', 'ரத்துச் செய்தல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். டச்சுக்காரர்கள் மூலம் ஆங்கிலச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது. ஒதெல்லோ நாடகத்தில் காஸியோ பதவி இழந்ததைக் குறிக்க ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். முந்திரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்யூ' இன்னும் தூரத்துச் சரக்கு. பிரேஸில் நாட்டுப் பழங்குடிகளின் மொழியிலிருந்து போர்ச்சுக்கீசியர் எடுத்து வந்தது. இவை எவற்றிலும் தமிழுக்குப் பங்கில்லை.

பொன்னாக இருந்த காசு

இனி நம் காசுக்கு வருவோம்.

இன்று காசு என்றால் சில்லறை. ராஜராஜன் காலத்தில் அப்படி அல்ல, அது பொன். அரைக் கழஞ்சு எடை என்பது சரித்திர ஆசிரியர்களின் கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசின் நடமாட்டத்தை நன்றாகப் பார்க்கலாம். கோயிலுக்கு வந்த பணத்தை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. காசுக்குக் கீழே சில்லறையும் இருந்தது: 12 அக்கம் சேர்ந்தால் ஒரு காசு.

காசு கொடுத்தவர்களில் கடவுளும் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவபெருமான் நாள்தோறும் படிக்காசு வைத்த கதையைப் பெரிய புராணம் சொல்கிறது. அப்பரின் காசு கடையில் உடனே செல்லுபடியாயிற்று. அவர் மடத்தில் நேரத்தோடு சமையல் முடிந்தது. சம்பந்தரின் காசுக்கோ கடைக்காரர்கள் வாசி கேட்டார்கள். வட்டம் பிடித்தார்கள் என்று பாமரர் மொழியில் சொல்லலாம். அதனால் அவர் மடத்தில் அடியார்கள் பசியோடு காத்திருந்தார்கள். பிறகு சம்பந்தர் பாடி, வாசியில்லாத நல்ல காசு பெற்றார். தெய்வமே கொடுத்தாலும் நாணயத்தை உரைத்துப் பார்த்துத்தான் வாங்குவான் கடைக்காரன்! நாணய மாற்றுத் தொல்லை எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தமிழிலும் காசு ஒரு சொல் அல்ல. 'குற்றம்' என்ற பொருளில் இன்னொரு காசு பழைய நூல்களில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழும்போது வரும் காசு இந்தக் குற்றம்தான். பணம் என்று பொருள் கொண்டால் விபரீதமாகிவிடும். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு மூன்றாவது காசும் தெரியும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். பொருளில்லாத புலவர்களும் காசில் முடித்திருக்கிறார்கள்.

காசு எங்கிருந்து வந்தது? 'கர்ஷம்' என்ற வடமொழி எடைப் பெயரோடு இதை இணைத்துச் சொல்பவர் உண்டு. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் துரையும் யூல் துரையும் சேர்ந்து தொகுத்து, 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்ற அகராதியும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் ஐரோப்பியர் காதில் விழுந்தது கர்ஷமல்ல, காசு.

போர்ச்சுக்கீசியர் செய்த முடிச்சு

1498-ல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அடுத்து வந்த போர்ச்சுக்கீசிய வியாபாரிகள் மலையாளக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் கேட்ட சொல் காசு. அவர்கள் மொழியில் 'கைஷா' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் என்ன தெரியுமா? பெட்டி! அதே ரோமாபுரிக் காப்ஸாவின் பேரப்பிள்ளை. புதிதாகக் கேட்ட காசு, பழகிய கைஷாவைப் போல ஒலித்தது. நம் நாணயத்தையும் கைஷா என்றே எழுதிவிட்டார்கள். காசின் 'சு', 'ஷா' ஆனது இப்படித்தான்.

பின்னால் வந்த ஆங்கிலேயரும் இதையே செய்தார்கள். போர்ச்சுக்கீசியர் வாயிலிருந்து நாணயத்தின் பெயரை வாங்கினார்கள். தங்கள் மொழியில் முன்பே இருந்த கேஷைப் போலவே எழுதினார்கள். உறவில்லாத இரண்டு பேர் ஒரே சட்டை போட்டுக்கொண்டது போல ஆயிற்று. மேடைப் பேச்சாளர்கள் ஏமாறுவது இந்தச் சட்டையைப் பார்த்துத்தான்.

சென்னைக் கோட்டையில் கம்பெனியாரின் கணக்கு வராகன், பணம், காசு என்ற மூன்று கட்டங்களில் நடந்தது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. கோட்டைக் குமாஸ்தா கேஷ் புத்தகத்தைத் திறந்து அதில் கேஷ் கட்டத்தை நிரப்பினார். புத்தகத்தின் பெயர் ரோமாபுரியிலிருந்து வந்தது. கட்டத்தின் பெயர் தஞ்சாவூர்க் கல்வெட்டில் இருந்தது.

ராஜராஜன் காலத்துப் பொன் எங்கே, வராகனில் 3,360-ல் ஒரு பங்கு எங்கே? சொல் தேயவில்லை, மதிப்புத்தான் தேய்ந்து செம்பாகிவிட்டது.

கடலில் மூழ்கிய காசு

1803-லும் 1808-லும் இந்தச் செப்புக் காசுகளைக் கம்பெனியார் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடிக்கச் செய்தார்கள். அடித்தவர் மாத்யூ போல்ட்டன்; நீராவி யந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி. யந்திரத்தில் அடித்த நாணயம் அச்சுப் பிசகாமல் இருக்கும். கள்ள நாணயம் செய்வோருக்கு அதைக் காப்பியடிப்பது கஷ்டம். ஒரு பக்கம் கம்பெனியின் கேடயச் சின்னம். மறு பக்கம் பார்சி எழுத்து; அதன் கீழே ரோமன் எண்ணில் பத்து அல்லது இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். தமிழ்ச் சொல் நாணயத்தில் ஏறிவிட்டது. தமிழ் எழுத்துக்குத்தான் அதில் இடமில்லை.

1808-ல் அடித்த காசுகளில் சுமார் ஐம்பது டன்னை ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்டனர்' என்ற கம்பெனிக் கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரி 24-ந் தேதி இரவு இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல் திட்டில் புயலில் சிக்கி உடைந்தது. சென்னைக் கடைத்தெருவில் கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் கை மாறியிருக்க வேண்டிய செம்பு, இங்கிலாந்துக் கடலின் மணலில் புதைந்தது. சுமார் 175 வருஷம் கழித்து, 1980-களில், முக்குளிப்பவர்கள் சுமார் பத்து லட்சம் காசுகளை வெளியே எடுத்தார்கள். பல காசுகள் புது மெருகோடு இருந்தன. 168 சேர்ந்தால்தான் ஒரு வராகன் என்றிருந்த அந்த 20 காசு நாணயத்தை, இன்று ஒவ்வொன்றாகப் பவுன் கொடுத்து வாங்குகிறார்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள்.

சென்னை ராஜதானியில் 1818-ல் வராகன் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்தது. காசு சர்க்கார் புத்தகத்திலிருந்து இறங்கியது. ஜனங்களின் வாயிலிருந்து இறங்கவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று 1949 வரை காசு நாணயம் அடித்தார்கள். அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியின் முதியவர்கள் அதைக் கையில் வாங்கிச் செலவழித்தவர்கள். 1957-ல் புதுப் பைசா வந்தபோதும் தமிழ்நாட்டில் பலர் அதை ஐந்து காசு, பத்து காசு என்றே சொன்னார்கள். சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் வெள்ளிக்கு நூறு காசு என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ரூபாயாக இருந்தாலும் காசுதான்.

சீனத்துக்குப் போன பெயர்

ஆனால் காசு என்ற பெயர் மிகத் தூரம் போனது வேறொரு திசையில்.

1511-ல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கும் ஜாவாத் தீவிலும் மிளகு வியாபாரத்தில் ஒரு செப்பு நாணயம் புழங்கியது. வட்டமான நாணயம், நடுவில் சதுரத் துளை, துளையில் கயிறு கோத்து மாலையாக வைத்திருப்பார்கள். கோவை ஒன்றுக்கு ஆயிரம் நாணயம் என்று பெயர். கோத்துக் கொடுத்தவர் கூலியாகச் சிலவற்றை எடுத்துக்கொள்வதும் உண்டு. (1943-ல் இந்தியாவில் வந்த ஓட்டைக் காசை அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இராது.) அது சீன நாணயம். மலிவான செம்பு எதுவானாலும் போர்ச்சுக்கீசியருக்குக் கைஷா, ஆங்கிலேயருக்குக் கேஷ். ஆகவே அந்த நாணயத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. சீனர் ஒருபோதும் அதை அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் 'வென்' என்பார்கள். ஆனால் நாணயச் சாஸ்திர நூல்களில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்னிருந்து 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சீனத்தில் வார்த்த செப்பு நாணயங்களெல்லாம் கேஷ்தான். இரண்டாயிரம் ஆண்டுச் சீன நாணயத்தின் மேல் ஒட்டியிருப்பது தமிழ்ப் பெயர். மேடையில் யாரும் இதைச் சொல்லக் காணோம்!

அந்த நாணயம் தமிழருக்குப் புதிதும் அல்ல. குலோத்துங்கன் ஆட்சிக் காலத்தில், 1077-ல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக் குழு ஒன்று சீனத்துக்குப் போயிற்று. கண்ணாடிச் சாமான், கற்பூரம், காண்டாமிருகக் கொம்பு, தந்தம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு எல்லாம் கொண்டுபோனார்கள். சீனச் சக்கரவர்த்தி பதிலுக்கு 81,800 கோவை செப்புக் காசு கொடுத்தனுப்பினார் என்று சீனர்களின் அரசாங்கக் குறிப்பு கூறுகிறது. கோவைக்கு ஆயிரம் என்று கணக்கிட்டால் எட்டுக் கோடியே பதினெட்டு லட்சம் நாணயம். கப்பலில் வந்து இறங்கியதை யார் எண்ணினார்கள், எத்தனை நாள் எண்ணினார்கள் என்பதற்கு நம் பக்கத்தில் குறிப்பு இல்லை. ஆனால் சதுரத் துளை போட்ட சீனச் செப்புக் காசுகள் தஞ்சைச் சீமையின் கிராமங்களில் மண்ணைத் தோண்டும்போது புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.