குற்றம் வில்லிலா? இறகிலா?

வில் நல்ல வில். நாணும் புதிது. ஆனாலும் அம்பு நேராகப் போகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே போய், குறிக்கு ஒரு முழம் தள்ளி விழுகிறது!

இங்கிலாந்தில் பொழுதுபோக்காக வில் பழகுகிறவர்கள் உண்டு. புதியவர்களில் சிலர், "நமக்கு இது வராது" என்று வில்லை மூலையில் சாத்திவிடுவார்கள். ஆனால், குற்றம் எப்போதும் கையில் இருப்பதில்லை. அம்பின் வாலில் ஒட்டிய இறகிலும் இருக்கலாம்.

இறகு எதற்கு?

அம்பின் தலையில் கனம்; வாலில் இறகு. பறக்கும்போது காற்று இறகைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. அதனால் வால் பின்னாலேயே இருக்கிறது. இறகைச் சற்றுச் சாய்த்து ஒட்டினால், அம்பு சுழன்றுகொண்டே போகும். சுழலும் அம்பு தடுமாறாது.

மன்னர் கேட்ட இறகு

இறகின் அருமை அந்நாட்டு மன்னர்களுக்குத் தெரியும். 1417-ம் ஆண்டில் மன்னர் 5-ம் ஹென்றி ஓர் உத்தரவு போட்டார். "ஒவ்வொரு வாத்திடமிருந்தும் 6 சிறகு இறகுகளை எடுத்து அனுப்புங்கள்" என்பதே அது. அடைகாக்கும் வாத்துக்கு மட்டும் விலக்கு!

அம்புக்கு இறகு ஒட்டுவது அன்று தனித் தொழில். அதைச் செய்பவருக்குப் 'பிளெட்சர்' என்று பெயர். இன்றும் அது அங்கே குடும்பப் பெயராக இருக்கிறது.

1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பல் 1982-ல் மேலே தூக்கப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. 24 துளைகள் உள்ள தோல் வட்டுகளும் இருந்தன. துளைக்கு ஓர் அம்பு! இறகுகள் ஒன்றோடொன்று உரசி நசுங்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

கைக்கு உதவும் 'ஜிக்'

பழகிய கை செய்த அந்த வேலைக்கு இன்று ஒரு சிறு கருவி வந்திருக்கிறது. அதன் பெயர் 'ஜிக்'. பிளாஸ்டிக்கில் செய்தது மலிவாகவே கிடைக்கிறது.

முதலில் அம்புத் தண்டை நன்றாகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை ஒட்டாது. பிறகு தண்டை ஜிக்கில் நிறுத்த வேண்டும். இறகைக் கிளிப்பில் கவ்வி, அதன் அடியில் மெல்லிய கோடாகப் பசை தடவி, தண்டின் மீது அழுத்த வேண்டும். காய்ந்ததும் கிளிப்பை எடுத்து, தண்டை மூன்றில் ஒரு பங்கு சுற்றித் திருப்பி, அடுத்த இறகை ஒட்ட வேண்டும். அம்புக்கு 3 இறகுகள்.

நாணில் மாட்டும் பிளவுக்குக் குறுக்காக நிற்கும் இறகு வேறு நிறத்தில் இருக்கும். எய்யும்போது அது வில்லுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லில் உரசி அம்பு திசை மாறும்.

எங்கே தவறுகிறார்கள்?

பறவையின் இடது சிறகு இறகு ஒரு பக்கம் வளையும்; வலது சிறகு இறகு மறுபக்கம் வளையும். ஓர் அம்பில் இரண்டையும் கலந்தால் கெட்டது காரியம்! பசையை அள்ளி அப்புவதும் தவறு. அது வழிந்து, இறகை ஜிக்கோடு சேர்த்து ஒட்டிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அவசரம். பசை காயும் முன் கிளிப்பை இழுத்தால் இறகும் கூடவே வரும். இறகுக்கு 10 நிமிடம் என்றால், 12 அம்புகளுக்கு 6 மணி நேரம் ஆகும்!

இன்னொரு எச்சரிக்கை. தண்டில் விரிசல் இருந்தால் அந்த அம்புக்கு இறகு ஒட்டவே கூடாது. எய்யும்போது முறிந்து கையில் பாய்ந்துவிடும். அதை உடைத்துப் போடுவதே நல்லது.

தண்டு நன்றாக இருந்தால், இறகு பிய்ந்த அம்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய இறகைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டினால், அம்பு மீண்டும் பறக்கும்.

ஜிக் கடையில் கிடைக்கும். பொறுமை கடையில் கிடைக்காது. அதை ஒட்டுகிறவர்தான் கொண்டுவர வேண்டும்!