அட்டிலும் நிறமும்

சமைத்தலை அடுதல் என்றும், சமைக்கும் இடத்தை அட்டில் என்றும் நம் முன்னோர் வழங்கினர். அடுக்களை, மடைப்பள்ளி, சமையலறை என்னும் பெயர்களும் அவ்விடத்திற்கு உண்டு. பெயர் பல பெற்ற அவ்வறைக்கு நிறம் தேரும்போது மட்டும் நாம் பெரும்பாலும் கருத்துச் செலுத்துவதில்லை. கூடத்திற்குப் பூசியது போக எஞ்சியது அடுக்களைக்கு என்பதே பல இல்லங்களின் நடைமுறை. இஃது ஏற்புடையதன்று. வீட்டில் உள்ளோருள் ஒருவர் நாள்தோறும் பல நாழிகை நின்று தொழில் செய்யும் இடம் அது. அங்கே அரிவாள்மணை உண்டு, தீ உண்டு, கொதிக்கும் எண்ணெய் உண்டு. கண் தவறினால் கை தவறும்.

ஏனைய அறைகளின் சுவர் நாம் பார்த்து மகிழ்தற்கு உரியது. அட்டிலின் சுவரோ, பிறவற்றைச் செவ்வையாகப் பார்ப்பதற்குத் துணைசெய்வது. அரிசியிற் கிடக்கும் கல்லும், கீரையில் ஒட்டிய புழுவும் கண்ணிற்பட வேண்டும். வெங்காயம் பொன்னிறம் ஆயிற்றா, பருப்புச் சிவந்ததா, நெய் முறுகிற்றா என்பவற்றை நம் இல்லத்தார் எக்கருவி கொண்டு அளக்கின்றனர்? நிறமே அங்கு அளவுகோல். சுவரின் நிறம் தன் சாயலைப் பண்டத்தின்மீது படியவிட்டால் அளவுகோல் பிழைபடும். அடர்ந்த பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில் பால்கூடச் சிறிது பசுமை காட்டும்.

இதனை நெசவாளர் நன்கு அறிவர். 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அப்பகுதியைச் சார்ந்த பொதட்டூர்பேட்டை, தறியொலியால் அறியப்படும் ஊர். நூலுக்குச் சாயம் சரியாக ஏறிற்றா என்று அறிய விரும்பும் நெசவாளர், அதனை அறையின் இருளில் வைத்து நோக்கார். வாயிலுக்குக் கொண்டுவந்து பகலொளியிற் பிடித்துப் பார்ப்பார். நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது என்னும் உண்மை அச்செயலில் அடங்கியுள்ளது. நூலுக்கு இவ்வளவு ஆராயும் நாம், பல ஆண்டுகள் நிலைக்கப்போகும் சுவருக்குக் கடையில் தரும் வண்ண அட்டையை மட்டும் நம்பி விடுகிறோம். நன்னூலார் வண்ணம் ஐந்து என்றார். கடைக்காரர் அட்டையிலோ ஆயிரத்துக்கு மேல் உண்டு. பூவின் பெயரும் கனியின் பெயரும் சூடி அவை நம்மை மயக்குகின்றன. கட்டை விரல் அகலத்தில் இனிமையாகத் தோன்றும் மஞ்சள், நான்கு சுவரிலும் பரந்தபோது கண்ணைக் குத்துவதும் உண்டு.

பழைய அடுக்களைகள் வெண்ணிறம் பூண்டிருந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். எஞ்சிய நீற்றில் நீர் வார்த்தால் அது வெப்பத்தோடு பொங்கி மலரும். அதனைக் கரைத்துச் சுவரிற் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு அது மீண்டும் கல்லின் இயல்பையே அடைகிறது. சுவரின் மேல் மெல்லிய கல்லாடை ஒன்று போர்த்தது போலாம். புதிய சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தையும் நுண்ணுயிர்களையும் ஒடுக்கும். பூச்சு கையில் ஒட்டாதிருக்கப் பிசினோ அரிசிக் கஞ்சியோ சேர்ப்பர். சிறிது நீலம் கலப்பதும் வழக்கம். சுண்ணாம்பில் இயல்பாக உள்ள மங்கிய மஞ்சட் சாயலை நீலம் மறைப்பதால் கண்ணுக்கு வெண்மை மிக்கதாகத் தோன்றுகிறது. உண்மையில் திரும்பும் ஒளியின் அளவு சற்றுக் குறைகிறதே அன்றி மிகுவதில்லை! வேட்டிக்கு நீலம் போடுவதும் இதே உத்திதான்.

விறகடுப்பின் கரி படிந்து சுவர் ஆண்டு முழுதும் கறுக்கும். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தால் அறை மீண்டும் விடியும். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கக்கூடிய எளிய பூச்சாக இருந்ததனாலேயே வெள்ளை அங்கே நிலைபெற்றது. இன்று எரிவாயு அடுப்பு பரவியபின் கரி குறைந்துவிட்டது. தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்குக் குறையவில்லை. சுண்ணாம்புச் சுவரைச் சவர்க்காரமிட்டுக் கழுவ இயலாது. ஆகவே அடுப்பை ஒட்டிய பகுதிக்கேனும் கழுவத்தக்க பூச்சோ ஓடோ வேண்டும். அங்கே மஞ்சட் கறையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. மஞ்சள், காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீரில் நாம் காணும் செம்மை அதுவே. தூய வெள்ளைச் சுவரில் தெறித்த குழம்பு சவர்க்காரம் பட்டதும் சிவந்து காட்டுவதும் இக்காரணத்தால்தான். பாலேடு போன்ற இளமஞ்சள் நிறம் இக்கறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இனி, எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதைக் காண்போம். வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கைத் திருப்பி அனுப்பும். கருநீலமும் கரும்பச்சையும் 10 பங்கு அளவே திருப்பும், எஞ்சியதை விழுங்கிவிடும். ஒரே சாளரம் உள்ள சிற்றடுக்களையில் கருநீலம் பூசுவது, பாதிச் சாளரத்தை அடைப்பதற்கு ஒப்பாகும். வடக்குச் சாளரத்தின் வழி வருவது பெரும்பாலும் வானத்தின் ஒளி. அது சற்றுக் குளிர்ந்த சாயல் உடையது. அத்தகைய அறைக்கு இளமஞ்சளோ சந்தன நிறமோ பொருந்தும். மேற்கு வெயில் நேரே புகும் அறையிலோ அதே மஞ்சள் மாலையில் அனலாய்த் தோன்றும். அங்கே வெளிறிய பச்சையோ சாம்பல் கலந்த வெண்மையோ கண்ணுக்கு ஆறுதல் தரும். விளக்கின் இயல்பும் ஒன்று உண்டு. மஞ்சட் சாயல் விளக்கின்கீழ் நீலம் மங்கும்; வெள்ளை விளக்கின்கீழ்ச் சிவப்பு உயிரிழக்கும்.

சுவருக்கும் அலமாரிக்கும் உள்ள உறவு இதனினும் நுட்பமானது. பாரிசு நகரின் கோபலின் நெசவுச் சாலையில் 1824 இல் சாயப் பகுதிக்குத் தலைவராக அமர்ந்தவர் செவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர். அங்கு ஏறும் கறுப்புச் சாயத்தில் ஆழமில்லை என்று குறைகூறப்பட்டது. அவர் சாயத்தை ஆராய்ந்தார். அதிற் குற்றம் காணவில்லை. கறுப்பு நூலுக்கு அருகே நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே அதனை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தின் தோற்றத்தை மாற்றும் என்னும் அவ்வுண்மையை 1839 இல் நூலாக வெளியிட்டார். நூற்றிரண்டு வயது வாழ்ந்த பெரியார் அவர். பொதட்டூர்பேட்டைத் தறியில் பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாய்ச் சேர்ந்து மூன்றாவது நிறமொன்று பிறப்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு இது வியப்பாய் இராது.

ஆதலின் அலமாரிக்கு நிறம் தனியே தேர்தல் ஆகாது. அடர்ந்த பழுப்பு அலமாரிக்கு அருகில் வெளிறிய சுவர் மேலும் வெளிறும். செந்நிற அலமாரிக்கு அருகில் சாம்பல் நிறச் சுவர் சிறிது பசுமை பூசியதாகத் தோன்றும். பொதுவாகச் சுவர் வெளிறியும், மேல் அலமாரி அதனையொட்டிய நிறத்திலும், கீழ் அலமாரி சற்று அடர்ந்தும் இருத்தல் தக்கது. கால்பட்டும் நீர்தெறித்தும் அழுக்காவது கீழ்ப்பகுதியே அன்றோ? எனினும் மிகக் கறுத்த நிறம் மாவுத்தூளைக் காட்டிக்கொடுக்கும். உள்ளறைகள் மட்டும் வெண்மையாகவே இருக்கட்டும். பாச்சையும் எறும்பும் ஒளிய இடம் பெறா. மிகுந்த பளபளப்பும் வேண்டா. விளக்கின் உருவம் அதிலே பட்டுக் கண்ணைக் கூசச்செய்யும்.

நிறத்தைவிட முதன்மையானது ஒன்று உண்டு. வண்ணப் பூச்சில் ஈயம் சேர்ப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஒளிமிக்க மஞ்சளும் சிவப்பும் அதனாற் கிடைத்தன. பூச்சும் விரைவில் உலர்ந்தது. ஆனால் ஈயம் உடலிற் சேர்ந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி குன்றும். தீங்கு செய்யாத அளவு என்று ஒன்று இருப்பதாக அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 2016 இல் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பர் முதல், இல்லங்களுக்கான பூச்சில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என வரையறுக்கப்பட்டது. புதுப் பூச்சு வாங்குவோர் கலத்தின்மேல் ஈயம்பற்றி எழுதியிருப்பதைப் படித்தே வாங்குதல் வேண்டும்.

பழைய அலமாரிகளில் உள்ள பூச்சு அவ்விதிக்கு முற்பட்டது. அதனை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தலும், தீயால் வாட்டிச் சுரண்டுதலும் கூடா. அத்தூளும் ஆவியும் உணவிற் கலக்கும். பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் அதன்மேலேயே புதிது பூசலாம். உரிந்திருந்தால் நீர்தெளித்து நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, மூடிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அப்பணி முடியுமளவும் அரிசிப் பானையையும் தவழும் குழந்தையையும் அவ்வறையினின்று அகற்றி வைக்க வேண்டும். சுவர் நன்கு உலர்ந்தபின், எண்ணிய நிறத்தைச் சாளரத்தருகே ஒரு முழமும் அலமாரியை ஒட்டி ஒரு முழமும் பூசி, காலை, நண்பகல், விளக்கேற்றிய பின் என மும்முறை நோக்குக. அங்கே நாள்தோறும் சமைப்பவரையும் அழைத்து, அவ்வொளியில் ஒரு பிடி அரிசியைப் புடைத்துப் பார்க்கச் சொல்லிய பின்னரே முழுச் சுவருக்கும் வண்ணம் வாங்குக.